பெரிய கடல்நீர்த் தொட்டிக்குப் புரோட்டீன் ஸ்கிம்மர் தேர்ந்தெடுப்பது எப்படி?

காற்று பலமாக வீசும் நாளில் கடற்கரையில் அலை ஒதுக்கிப்போடும் நுரையைக் கவனித்திருக்கிறீர்களா? லேசான மஞ்சள் நிறத்தில் மணல்மேல் உருண்டு ஓடும். கையில் அள்ளினாலும் சட்டென்று உடையாது. வெறும் தண்ணீரும் காற்றும் கலந்தால் இப்படி நிற்கும் நுரை வராது. பாசியும் நுண்ணுயிர்களும் சிதைந்து கரைந்த கரிமப் பொருள் கடல்நீரில் இருப்பதால்தான் அது நிற்கிறது. அலை அந்தப் பொருளை நுரையாகக் கடைந்து கரைக்குத் தள்ளிவிடுகிறது.

புரோட்டீன் ஸ்கிம்மர் இதையே ஒரு அக்ரிலிக் குழாய்க்குள் இரவும் பகலும் செய்கிறது. ஒரு பம்ப் தண்ணீரில் காற்றை மிக நுண்ணிய குமிழிகளாகக் கலக்கும். குமிழிகள் மேலே ஏறும். ஏறும் வழியில் கழிவு அவற்றின்மேல் ஒட்டிக்கொள்ளும். மேலே குறுகிய கழுத்தில் அது கெட்டியான நுரையாகத் திரண்டு, வழிந்து, ஒரு கப்பில் விழும். கப்பில் சேரும் பழுப்பு நீரை நாம் எடுத்துக் கொட்டிவிடுகிறோம். அவ்வளவுதான் கருவி.

கழிவு ஏன் குமிழியில் ஒட்டுகிறது? மீனின் கழிவு, அதன் உடலை மூடியிருக்கும் வழவழப்பு, தின்னாமல் விட்ட உணவு இவற்றிலிருந்து வரும் புரதங்கள், கொழுப்புகள் பலவற்றுக்கு இரண்டு குணம் உண்டு. மூலக்கூறின் ஒரு பக்கம் தண்ணீரோடு ஒட்டி நிற்கும், மறு பக்கம் தண்ணீரை விட்டு விலகப் பார்க்கும். தண்ணீரும் காற்றும் தொடும் எல்லைதான் அதற்குப் பிடித்த இடம். குமிழியின் தோல் முழுக்க அப்படிப்பட்ட எல்லை. ஆகவே எல்லை எவ்வளவு அதிகமோ அவ்வளவு கழிவு பிடிபடும். ஒரு லிட்டர் காற்றை 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள குமிழிகளாக உடைத்தால் மொத்தப் பரப்பு 1.2 சதுர மீட்டர். அதே காற்றை அரை மில்லிமீட்டர் குமிழிகளாக உடைத்தால் 12 சதுர மீட்டர். நல்ல ஸ்கிம்மருக்குள் தண்ணீர் பால்போல வெண்மையாகத் தெரிவது இதனால்தான்.

நன்னீர்த் தொட்டியில் இந்தக் கருவி ஏறக்குறைய பயனற்றது. உப்பில்லாத தண்ணீரில் சிறு குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து உடனே பெரிதாகிவிடும். கடல்நீரின் உப்பு அதைத் தடுக்கிறது. நோய்ச் சிகிச்சைக்காக உப்பின் அளவை வெகுவாகக் குறைக்கும்போது ஸ்கிம்மர் சோர்ந்துபோவதும் இதே காரணத்தால்தான். கருவி கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம்.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஸ்கிம்மர் அம்மோனியாவை எடுக்காது, நைட்ரேட்டை எடுக்காது, தண்ணீரில் ஏற்கெனவே கரைந்துவிட்ட பாஸ்பேட்டையும் நேரடியாக எடுக்காது. அவையாக மாறுவதற்கு முன்னால், கரிமக் கழிவாக இருக்கும் நிலையிலேயே பிடித்து வெளியேற்றுகிறது. அதன் மதிப்பே இந்த முந்திக்கொள்ளுதலில்தான் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் பிடித்துவிடாது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சில மாடல்களை வைத்து அளந்து பார்த்தபோது, தண்ணீரிலுள்ள மொத்தக் கரிமக் கார்பனில் சுமார் 20 முதல் 35 சதவீதத்தைத்தான் ஸ்கிம்மர் எடுக்க முடிந்தது. மீதி குமிழியில் ஒட்டாத வகை. எனவே எவ்வளவு பெரிய ஸ்கிம்மர் வாங்கினாலும் தண்ணீர் மாற்றுவதும், தேவைப்பட்டால் கரைந்த கழிவை உறிஞ்சும் ஆக்டிவேட்டட் கார்பன் வைப்பதும் தொடரத்தான் வேண்டும்.

அப்படியென்றால் எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும்? பெரிய தொட்டியில் பெரிய மீன்கள் இருக்கும், நிறையத் தின்னும். 650 லிட்டர் அமைப்பில் வாரம் பத்து சதவீதம் மாற்றினால்கூட 65 லிட்டர் உப்புநீர் கரைத்து வைக்க வேண்டும். அதை இன்னும் கூட்டிக்கொண்டே போக யாராலும் முடியாது. அப்புறம் ஆக்சிஜன். மணிக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் காற்றைத் தண்ணீரோடு கலக்கும் கருவி இது. இரவில் பவளங்களும் பாசிகளும் சேர்ந்து ஆக்சிஜனை இழுக்கும் நேரத்தில் மீன்கள் மூச்சுத் திணறாமல் இருப்பதற்கு இது பெரிய துணை. என்னைக் கேட்டால், ஸ்கிம்மருக்கு இந்த ஒரு காரணமே போதும்.

பெட்டியில் இருக்கும் எண்

கடையில் பார்த்தால் ஒவ்வொரு பெட்டியிலும் "இத்தனை லிட்டர் வரை" என்று எழுதியிருக்கும். புதிதாக வருபவர்கள் தொட்டி 600 லிட்டர், பெட்டியில் 1000 லிட்டர், சரி போதும் என்று வாங்கிவிடுகிறார்கள். அந்த எண்ணைக் கணக்கிட எல்லாத் தயாரிப்பாளர்களுக்கும் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. பெரும்பாலும் அது மீன்கள் மிகக் குறைவாக இருக்கும் தொட்டிக்கான எண். நேர்மையான தயாரிப்பாளர்கள் மூன்று எண் கொடுப்பார்கள்: மீன்கள் குறைவு, நடுத்தரம், அதிகம். மீன்கள் நிறைய வைப்பவர்கள் பார்க்க வேண்டியது அந்தக் கடைசி எண்ணை. ஒரே எண் மட்டும் இருந்தால், அதில் பாதியை உண்மையான அளவாக எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

முதலில் உங்களிடம் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கணக்கிடுங்கள். தொட்டியின் வெளியளவை வைத்துச் சொல்லும் லிட்டர் எப்போதும் கூடுதலாகவே இருக்கும். ஆறடி நீளத் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கண்ணாடிக்கு உள்ளே 178 சென்டிமீட்டர் நீளம், 58 அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் 55. பெருக்கினால் சுமார் 568 லிட்டர். பாறையும் மணலும் நாற்பது ஐம்பது லிட்டர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மீதி 520. கீழே சம்ப்பில், அதாவது கருவிகளை வைக்கும் அடித்தொட்டியில், 130 லிட்டர் ஓடுகிறது என்றால் மொத்தம் 650.

இந்த எண் தெரிந்ததும் பாதி வேலைதான் முடிந்தது. மீதிப் பாதி, தினமும் எவ்வளவு உணவு போடுகிறீர்கள் என்பது. நான் இதைத்தான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். ஸ்கிம்மர் சுத்தம் செய்வது லிட்டரை அல்ல, நீங்கள் போட்ட உணவு கடைசியில் ஆகும் கழிவை. ஒரே 650 லிட்டரில் ஒருவர் கடினப் பவளங்களும் ஆறேழு சிறு மீன்களும் வைத்து, ஒரு சிட்டிகை உணவு போடுவார். இன்னொருவர் லயன்ஃபிஷ், டிரிகர், பெரிய ஏஞ்சல் என்று வைத்து உறைந்த மீன்துண்டுகளைக் கைப்பிடியாகப் போடுவார். முதல் தொட்டிக்கு "நடுத்தரம்" என்ற வரியில் 650 இருக்கும் மாடலே தாராளம். இரண்டாவதற்கு "அதிகம்" என்ற வரியில் 650 முதல் 800 வரை இருக்க வேண்டும். பவளத்துக்காகக் கார்பன் டோசிங் செய்பவர்களும், அதாவது நைட்ரேட்டைத் தின்னும் பாக்டீரியாவை வளர்க்கக் கரிம உணவு ஊற்றுபவர்களும், இந்த இரண்டாம் வகையில்தான் சேர்வார்கள். வினிகரோ வோட்காவோ ஊற்றி வளர்க்கும் பாக்டீரியாவை அள்ளி வெளியே போட வேண்டியது ஸ்கிம்மர்தானே.

சரி, பெரிதாகவே வாங்கிவிட்டால் தொல்லை இல்லையே என்று தோன்றும். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நுரை நிற்பதற்குக் கழிவு வேண்டும். அகலமான கழுத்துள்ள பெரிய ஸ்கிம்மரைக் கழிவு குறைந்த தொட்டியில் வைத்தால், நுரை கழுத்தில் பாதி தூரம் ஏறி உடைந்து உள்ளேயே இறங்கிவிடும். இரண்டு நாள் ஒன்றும் வராது, மூன்றாம் நாள் திடீரென்று ஒரு கப் வரும். அளவாக இருக்கும் ஸ்கிம்மர் தினமும் சீராகக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கும். தேவைக்கு ஒரு படி மேலே போகலாம், மூன்று படி வேண்டாம். பின்னால் மீன்கள் சேர்க்கப்போகிறோம் என்பதற்காக முதல் நாளே ராட்சதக் கருவி வாங்கினால், அதுவரை அது அரைகுறையாகத்தான் ஓடும்.

பெட்டியில் இன்னொரு எண்ணும் இருக்கும், மணிக்கு இத்தனை லிட்டர் தண்ணீர் என்று. மொத்தத் தண்ணீரின் அளவுக்கு மணிக்கு ஒரு முறை ஓடினால் போதும் என்பது தொட்டி வைத்திருப்பவர்கள் பழக்கத்தில் கண்ட அளவு. ஒரு முறை ஓடினால் எல்லாத் தண்ணீரும் சுத்தமாகிவிடும் என்று அர்த்தமல்ல. சுத்தமான தண்ணீர் திரும்பப் போய் மற்றதோடு கலந்துவிடுவதால், முதல் மணி நேரத்தில் 63 சதவீதத் தண்ணீர்தான் உண்மையில் ஸ்கிம்மரைப் பார்த்திருக்கும். மூன்று மணி நேரத்தில் அது 95 சதவீதமாகும். நாளுக்கு 24 மணி நேரம் ஓடும் கருவிக்கு இது தாராளம். தண்ணீரை வேகமாகத் தள்ளினால் குமிழியோடு அது இருக்கும் நேரம்தான் குறையும். அதனால் இரண்டு மாடல்களில் எது என்று தயங்கும்போது தண்ணீர் எண்ணை விட்டுவிட்டு, மணிக்கு எத்தனை லிட்டர் காற்று இழுக்கிறது, உடலின் கொள்ளளவு எவ்வளவு என்று பாருங்கள்.

வகைகள்

பழைய ஸ்கிம்மர்களில் மரத்தால் ஆன ஏர் ஸ்டோனும் ஒரு காற்றுப் பம்ப்பும் இருக்கும். அருமையான சிறு குமிழி வரும், ஆனால் மரம் சில வாரங்களில் அடைத்துக்கொள்ளும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு அழுத்தத்தோடு தண்ணீரைப் பாய்ச்சிக் காற்றை இழுக்கும் வென்சுரி, பெக்கட் வகைகள் வந்தன. பெக்கட் நன்றாக வேலை செய்யும், ஆனால் வலுவான பம்ப் வேண்டும், மின்சாரம் தின்னும், சத்தமும் உண்டு. இப்போது கடையில் பெரும்பாலும் கிடைப்பது நீடில் வீல். பம்ப்பின் விசிறியில் இதழ்களுக்குப் பதில் ஊசி ஊசியாக இருக்கும், அல்லது வலை ஒட்டியிருக்கும். காற்றும் தண்ணீரும் அதற்குள் நுழையும்போது ஊசிகள் காற்றை நறுக்கிப் பொடியாக்கிவிடும். குறைந்த மின்சாரத்தில் நிறையக் காற்று. புதியவர்களுக்கு இதையே சொல்வேன்.

நீடில் வீலிலேயே ரீசர்குலேட்டிங் என்று ஒரு வகை உண்டு. தண்ணீரை உள்ளே அனுப்ப ஒரு பம்ப், உள்ளே இருக்கும் தண்ணீரையே திரும்பத் திரும்பக் கடைய வேறு பம்ப். வரத்தைத் தனியாகக் கூட்டிக் குறைக்கலாம். சம்ப்புக்கு வெளியேயும் வைக்கலாம். 1500, 2000 லிட்டர் என்று போகும்போது இது அருமையான வழி. அதற்குக் கீழே, சம்ப்புக்குள் நிற்கும் சாதாரண வகையே எளிது. தொட்டியின் ஓரத்தில் மாட்டும் ஹேங்-ஆன் வகை சம்ப் இல்லாத சிறு தொட்டிக்கு. பெரிய தொட்டிக்கு அதை நினைக்கவே வேண்டாம்.

பொது மீன்காட்சியகங்களில் ஆளுயரத்துக்கும் மேலான கோபுரங்களாக ஸ்கிம்மர்கள் நிற்கும், பல இடங்களில் ஓசோனும் சேர்த்து. ஓசோனை ஆரம்பத்தில் தொடாதீர்கள். அளவு தவறினால் உயிர்களுக்கு ஆபத்து. அதைத் தாங்கும் பொருளால் செய்த கருவியும், வெளிவரும் காற்றையும் நீரையும் வடிகட்டக் கார்பனும் வேண்டும்.

எங்கே வைக்கப்போகிறீர்கள்?

வாங்குவதற்கு முன் அளக்கும் டேப்பை எடுத்துக்கொண்டு சம்ப்புக்குப் பக்கத்தில் உட்காருங்கள். நீளம், அகலம் மட்டும் போதாது. ஸ்கிம்மரின் உயரத்துக்கு மேல், கப்பைத் தூக்கி வெளியே எடுக்க எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். ஸ்டாண்டின் சட்டம் இடித்துக் கப் வெளியே வரவில்லை என்றால், ஒவ்வொரு முறையும் அழுக்கு நீரைச் சாய்த்து, கொஞ்சம் சிந்தவிட்டுத்தான் எடுக்க வேண்டும். சில நாளில் சுத்தம் செய்வதையே தள்ளிப்போடுவீர்கள். பம்ப்பைக் கழற்ற இடம் இருக்கிறதா என்பதும் அதே அளவு முக்கியம்.

அடுத்தது நீர்மட்டம். சம்ப்புக்குள் நிற்கும் ஸ்கிம்மர்கள் குறிப்பிட்ட ஆழத்துக்காகவே செய்யப்பட்டவை. பெரும்பாலும் 18 முதல் 25 சென்டிமீட்டர். கையேட்டில் போட்டிருப்பார்கள். உங்கள் சம்ப்பின் அந்த அறையில் தண்ணீர் அதைவிட ஆழமாக இருந்தால் கீழே ஒரு பீடம் வைத்து உயர்த்தலாம். ஆழம் குறைவாக இருந்தால் வேறு மாடல்தான். இதைவிட முக்கியம், அந்த மட்டம் மாறாமல் இருப்பது. ஒரு சென்டிமீட்டர் ஏறினால் நுரை ஈரமாகிக் கப் வழியும், ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் ஒன்றும் வராது. ஸ்கிம்மர் நிற்கும் அறையில் தடுப்புச் சுவர் இருந்து, தண்ணீர் அதன்மேல் வழிந்து அடுத்த அறைக்குப் போனால் மட்டம் தானாக நிலைத்திருக்கும். ஆவியாவதால் ஏற்படும் குறைவு, தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப் அறையில்தான் தெரியும், அங்கே குறைந்த அளவுக்கு நன்னீரைத் தானாக நிரப்பும் ஆட்டோ டாப்-ஆஃப் வைக்கலாம். மேலே தொட்டியிலிருந்து வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோ வழியாக வரும் தண்ணீர் முதலில் ஸ்கிம்மர் அறையில் விழட்டும். மேற்பரப்பில் மிதக்கும் கழிவு மிக அதிகமாக இருப்பது அந்தத் தண்ணீரில்தான்.

கப்பின் அடியில் வடிகுழாய் மாட்ட வசதி இருந்தால் பெரிய தொட்டிக்கு நல்லது, தினமும் கொட்ட வேண்டியதில்லை. ஆனால் இதில் நான் பட்ட அனுபவம் ஒன்று. ஒரு நாள் இரவு உடைந்த பவளத் துண்டை எபாக்ஸி பசை வைத்துப் பாறையில் ஒட்டிவிட்டுப் படுத்தேன். அந்தப் பசை ஸ்கிம்மரைப் பொங்க வைக்கும் என்று அப்போது தெரியாது. காலையில் கப் நிரம்பி, வடிகுழாய் வழியாகக் கீழே வைத்த கேனும் நிரம்பி, தரையில் உப்புநீர். அது போன அளவுக்கு ஆட்டோ டாப்-ஆஃப் நன்னீரை விட்டு ஈடுகட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. 40 லிட்டர் போயிருந்தது. உப்பின் அளவு ஆயிரத்துக்கு 35 பங்கிலிருந்து 33-க்கு இறங்கிவிட்டது. பவளங்கள் இரண்டு நாள் சுருங்கியே இருந்தன, பார்க்கவே மனது கஷ்டப்பட்டது. அதற்குப் பிறகு கேனில் ஒரு மிதவை சுவிட்ச் வைத்துவிட்டேன். கேன் நிரம்பினால் ஸ்கிம்மர் தானாக நின்றுவிடும். வடிகுழாய் மாட்டுவதாக இருந்தால் இந்தச் சுவிட்ச்சையும் சேர்த்தே வாங்குங்கள்.

பம்ப்பும் மின்சாரமும்

இந்தப் பம்ப் வருடம் முழுவதும் நிற்காது. 40 வாட் பம்ப் நாளுக்கு 0.96 யூனிட், வருடத்துக்குச் சுமார் 350 யூனிட். 80 வாட் என்றால் இரட்டிப்பு. வாங்கும் விலையை மட்டும் பார்க்காமல் இதையும் சேர்த்துப் பாருங்கள். டிசி பம்ப்புகளில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். மீன்கள் குறைவாக இருக்கும் ஆரம்ப மாதங்களில் மெதுவாக ஓட்டிப் பிறகு கூட்டலாம் என்பதால், சற்றே பெரிய மாடல் வாங்க நினைப்பவர்களுக்கு அது ஏற்றது. ஆனால் அதில் ஒரு கன்ட்ரோலர் கூடுதலாக இருக்கிறது, பழுதாக ஒரு பொருள் கூடுதல். ஏசி பம்ப் ஒரே வேகம்தான், ஆனால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். எதை எடுத்தாலும் அதன் விசிறி, தண்டு, பம்ப் தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். இது கிடைக்காத கருவியை எவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன்.

ஆயிரம் லிட்டரைத் தாண்டிய தொட்டிக்கு ஒரே பெரிய ஸ்கிம்மருக்குப் பதில் நடுத்தர அளவில் இரண்டு வைப்பது எனக்குப் பிடித்த முறை. ஒன்று நின்றுபோனாலும் மற்றொன்று ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருக்கும். மாற்றி மாற்றிச் சுத்தம் செய்யலாம். கழிவு குறைந்த காலத்தில் ஒன்றை நிறுத்தியும் வைக்கலாம். இடமும் மின்சாரமும் கொஞ்சம் கூடும், அது உண்மைதான்.

காற்றுக் குழாய் நீளமாக மாட்ட வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள். மூடிய அறையில் ஆட்கள் பலர் இருந்தால் காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடும். ஸ்கிம்மர் அந்தக் காற்றைத்தான் தண்ணீரில் கலக்கும், பிஎச் இறங்கும். குழாயின் முனையை ஜன்னலுக்கு வெளியே விட்டால் பல தொட்டிகளில் பிஎச் தானாகவே ஏறிவிடுகிறது. மருந்து எதுவும் ஊற்றத் தேவையில்லை.

வாங்கி வந்த பிறகு

முதல் ஒன்றிரண்டு வாரம் எந்த ஸ்கிம்மரையும் எடைபோடாதீர்கள். புதுப் பிளாஸ்டிக்கில் இருக்கும் எண்ணெய்ப் பசை போய், உள்சுவரில் ஒரு மெல்லிய படலம் பிடிக்கும்வரை அது தாறுமாறாக நடந்துகொள்ளும். ஒரு நாள் பொங்கும், ஒரு நாள் ஒன்றும் வராது. அந்த நாட்களில் நீர்மட்டத்தை அடிக்கடி மாற்றாமல், சற்றுத் தாழ்வாக வைத்து ஓடவிடுங்கள். உணவு போட்டதும் நுரை படுத்துவிடுவதும் இயல்பு. உணவிலுள்ள கொழுப்பு குமிழியை உடைக்கிறது, சில மணி நேரத்தில் திரும்பிவிடும். கையில் கிரீம் பூசிக்கொண்டு தொட்டிக்குள் விட்டாலும் இதே நிலைதான். தோல் படலத்தைக் காக்கும் சத்து சேர்த்த தண்ணீர் கண்டிஷனர்களும் சில மருந்துகளும் இதற்கு நேர்மாறாகப் பொங்க வைக்கும். அவற்றைப் போடும் நாளில் கப்பைக் கழற்றியோ காற்றைக் குறைத்தோ வையுங்கள்.

கழுத்தின் உட்புறத்தில் பழுப்பாக ஒரு கொழுப்புப் படிவு சேரும். அது இருந்தால் நுரை மேலே ஏறாது. வாரம் இரண்டு முறை துடைத்தால் எடுக்கும் அளவில் தெரியும் வித்தியாசம் கண்ணுக்கே புலப்படும். மாதம் ஒரு முறை காற்றுக் குழாய் வழியாகக் கொஞ்சம் வெதுவெதுப்பான நன்னீரை இழுக்கவிட்டால் உள்ளே படிந்த உப்பு கரையும். நான்கைந்து மாதத்துக்கு ஒரு முறை பம்ப்பைக் கழற்றி வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, ஊசிகளில் பிடித்த சுண்ணாம்பைப் போக்க வேண்டும். காற்றின் சீற்றம் குறைந்து, உடலுக்குள் பால் வெண்மை மங்கத் தொடங்கினால் அந்த நாள் வந்துவிட்டது.

கப்பில் என்ன நிறத்தில் எடுக்க வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். மட்டத்தைத் தாழ்த்தினால் கெட்டியாக, கருப்பாக, குறைவாக வரும். உயர்த்தினால் தேநீர் நிறத்தில் நிறைய வரும். மீன்கள் நிறைந்த பெரிய தொட்டிக்கு நான் தேநீர் நிறத்தையே விரும்புகிறேன், மொத்தத்தில் கழிவு அதிகம் போகிறது. ஆனால் அதோடு உப்பும் போகும், அந்த இடத்தை நன்னீர் நிரப்பும். அப்படி ஓட்டுபவர்கள் வாரம் ஒரு முறை உப்பின் அளவைப் பார்த்து, குறைந்த அளவுக்கு மாற்றுநீரில் சேர்த்துவிட வேண்டும். மூன்றாவது வாரம் நுரை சீரானதும், நீர்மட்டக் குமிழ் நிற்கும் இடத்தை மார்க்கரால் ஸ்கிம்மரின் உடலிலேயே ஒரு கோடு போட்டுக் குறித்துவிடுங்கள். சுத்தம் செய்துவிட்டுத் திரும்ப மாட்டும்போது அந்தக் கோட்டில் வைத்தால் போதும்.